நீலச் செருப்புக்காரி

கதவைத் திறந்தவளின் முகத்தை வந்த பெண் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பிறகு வாசல் ஓரத்தில் வெயிலுக்குச் சாய்த்து வைத்திருந்த பழுப்புத் தோல் செருப்பைப் பார்த்தாள்.

"நேத்து நம்ம படகுல வந்தவங்கதானே நீங்க?"

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள். நேற்றுக் காலை பேரம் பேசியவர்களையெல்லாம் வாயாலேயே வறுத்தெடுத்தவள். அந்த முகம் ஒரே இரவில் பிழிந்துபோட்ட துணியாகியிருந்தது. கதவைத் திறந்தவள், வீட்டில் பட்டாசு என்று கூப்பிடப்படுகிறவள், ஓரடி பின்வாங்கினாள். இந்த அம்மாளின் கணவர்தான் படகோட்டி. அவருக்கு எதிராகத் துறைமுகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தவர்களில், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதியவள் பட்டாசுதான்.

ஆனால் அந்த அம்மாள் தேடி வந்தது அண்ணியை.

அண்ணி, பட்டாசின் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வருடக்கணக்காக விசாரணை வேலை பார்த்தவள். எரிந்ததாகச் சொன்ன கிடங்கு உண்மையிலேயே எரிந்ததா, மூழ்கியதாகச் சொன்ன படகு யார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். வேலையை விட்ட பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. வீட்டுத் துணிகளை இஸ்திரி போட்டபடியேதான் கேட்பாள். எவ்வளவு பயங்கரமான கதையைக் கேட்டாலும் சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் விழாது. பட்டாசு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வாய் ஓயாமல் வெடிப்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. விடுமுறை நாட்களில் அண்ணிக்குச் சம்பளமில்லாத உதவியாளர். ஊர்க்காரர்களின் கண் குறைகளை நாள் முழுக்க அளந்து சொல்கிறவளுக்குத் தன் கண்ணின் மேல் தனி நம்பிக்கை.

அம்மாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

சொல்வதற்கு அதிகம் இல்லை. அந்தத் துறையில் இருப்பதிலேயே மலிவான தீவுச் சுற்றுலா அவர்களுடையது. ஒரே நாளில் மூன்று இடம். காடும் அருவியுமாக ஒரு தீவு, நடுக்கடலில் ஒரு மணல்திட்டு, கடைசியாகப் பவளப்பாறைமேல் நீச்சல். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரவேண்டும். நீச்சல் கண்ணாடி இரண்டு பேருக்கு ஒன்று. பேர் கேட்பதில்லை, பதிவு செய்வதில்லை. படகின் தளம் வழுக்கும் என்பதால் செருப்பு போட்டு ஏற விடுவதில்லை. ஏறும்போது துறையிலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் கழற்றிப் போட்டுவிட வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை காலியானால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். எத்தனையோ வருடமாக அவர்கள் கணக்கு அதுதான்.

நேற்று மாலை கூடையில் ஒரு ஜோடி மிச்சம். பெண்கள் செருப்பு. சின்ன அளவு, நீல நிறம்.

"யாராவது மறந்துட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்பதான் அந்தாளு வந்தாரு. என் பொண்டாட்டி எங்கன்னு கேட்டாரு. செருப்பப் பார்த்ததும் அப்படியே உக்காந்துட்டாரு."

வந்தவர் வீடுவீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்பவர். காலையில் மனைவியைத் துறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனதாகச் சொன்னார். அதற்குப் பிறகு போலீஸ், தேடும் படகுகள், பவளப்பாறையைச் சுற்றி விளக்குகள். ஒவ்வொரு தீவிலும் கிளம்புமுன் படகோட்டி தலைகளை எண்ணுவது வழக்கம். நேற்று கடைசி இடத்தில் எஞ்சின் புகைந்து இருமத் தொடங்கியது. தண்ணீர் வற்றினால் பாறையில் மாட்டிக்கொள்வோம் என்ற பதற்றத்தில் எல்லாரையும் ஏறச்சொல்லிக் கத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். எண்ணவில்லை.

"அந்தம்மாவக் காலையில நீங்க பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

"அவங்க வீட்டுக்காரர நல்லா ஞாபகம் இருக்கு. நெத்திமேல கைய வச்சுக்கிட்டு, வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிக்கிட்டு, படகு எப்ப திரும்பும்னு கேட்டாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு, உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன். அந்தம்மாதான்..." அம்மாள் தடுமாறினாள். "எனக்கு மூஞ்சி நிக்காதுங்க. கால்தான் நிக்கும். உங்க வீட்டுப் பொண்ண இப்பக்கூட அப்படித்தான் கண்டுபிடிச்சேன். ஆனா அந்த நீலச் செருப்பக் கழட்டினது மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. கூட்டம். கிளம்பினதும் மழை வேற. தார்ப்பாயை இவரு படகுல எடுத்துட்டுப் போயிட்டாரு. கூடை அப்படியே நனையுது, நான் கடைக்குள்ள ஓடிட்டேன்."

அண்ணி மடித்த சட்டையை ஓரமாக வைத்தாள். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"சாயந்திரம் தேடறத நிறுத்தப் போறாங்களாம். நிறுத்தினதும் குத்தத்த ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்னு இவரு சொல்லிட்டாரு. நான்தான் விட்டுட்டு வந்தேன், நான்தான் கொன்னேன்னு ராத்திரியெல்லாம் அதே பேச்சு. அவரக் காப்பாத்துங்கன்னு கேக்க வரல. உண்மையிலேயே விட்டுட்டு வந்தாரா, அத மட்டும் சொல்லுங்க. வந்திருந்தா, ஜெயில் வாசல்ல நான் போய் நிக்கறேன். வரலேன்னா, அந்த மனுஷன நம்ப வைக்கணும். அது என்னால ஆகாது."

சொல்லிவிட்டு அவள் பட்டாசைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அவள் போன பிறகு அண்ணி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இப்ப நீ சொல்லு," என்றாள்.

பட்டாசு சொன்னாள். படகின் முன்முனையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீலச் சால்வை காற்றில் படபடத்தது. முகத்தில் முடி விழுந்திருந்தது. யாரிடமும் பேசவில்லை. பவளப்பாறைக்குப் போகிற வழியில்கூடப் பார்த்தாள். திரும்பும்போது பார்க்கவில்லை. இதைத்தான் எழுதிக் கொடுத்தாள். மற்றவர்களுடைய சாட்சி எல்லாம் குழப்பம் என்றும், இவளுடையதுதான் உருப்படி என்றும் இன்ஸ்பெக்டர் பாராட்டினார்.

அவள் எழுதாத ஒன்றும் இருந்தது. கல்யாணம் முறிந்த பிறகு அவள் ஓர் இடத்துக்குத் தனியாகப் போனது நேற்றுத்தான் முதல் தடவை. மலிவான சுற்றுலா என்பதால் போனாள். தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்று தன்னையே கேலி செய்துகொண்டு போனாள். வானம் மூடிக் கிடந்த காலையில் படகு கிளம்பியபோது, சுற்றிலும் ஜோடிகளும் குடும்பங்களுமாக இருக்க, நம்மை மாதிரியே இன்னொருத்தி இருக்கிறாளே என்று ஒரு ஆறுதல் வந்தது. அவளைத்தான் கடல் கொண்டுபோயிற்று. ராத்திரி கண்ணை மூடினால் சால்வைதான் வருகிறது.

அண்ணி கடைசிவரை கேட்டாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பட்டாசின் செருப்பைக் கையில் எடுத்தாள். ஊறி உப்பியிருந்தது. உள்பக்கத் தோலில் வெள்ளையாக வளையம் வளையமாகத் தண்ணீர்க் கறை.

"கடல்ல நனைஞ்சதா?"

"செருப்பு எங்க அண்ணி கடலுக்கு வந்துச்சு? கூடையில மழையில ஊறினது. சாயந்திரம் எடுக்கும்போது எல்லாருமே திட்டினாங்க. பழக்கடைக்காரர் செருப்பைப் பிழிஞ்சே காமிச்சாரு."

"சரி, வேறு செருப்பு போட்டுக்கிட்டு வா."

பயணிகள் யாரும் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு. பெரும்பாலோர் துறைக்கு எதிரிலிருந்த லாட்ஜில்தான் தங்கியிருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அந்தப் பெண்ணை அருவிக்குப் பக்கத்தில் பார்த்தார். கழுத்துவரை வெட்டிய முடி, நல்ல உயரம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மணல்திட்டில் பார்த்தது. நீளப் பின்னல், குள்ளம், இருபது வயதுகூட இருக்காது. பின்னலா கொண்டையா என்பதில் மட்டும் அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் தங்கள் முன்னாலேயே சின்னச் சண்டை வந்தது என்று பட்டாசு பின்னால் அண்ணனிடம் சொன்னாள். பழக்கடைக்காரர் மொத்த வியாபாரி, ஆளும் மொத்தம். அவர் அவளைத் தண்ணீரில் பார்த்தார். தன்னிடம் நீச்சல் கண்ணாடி கேட்பது மாதிரிக் கையை நீட்டினாள், தான் கொடுக்கவில்லை என்று சொல்லி அழுதார்.

அண்ணி எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். அவள் குரல் எப்படி இருந்தது? ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பட்டாசு பொரிந்தாள். ஆளுக்கொரு முடி, ஆளுக்கொரு உயரம். இவர்களெல்லாம் சாட்சியா? நல்லவேளை தான் ஒருத்தியாவது ஒழுங்காகப் பார்த்தேன் என்றாள். அண்ணி நடந்துகொண்டே அவள் தோளில் கையை வைத்தாள். அந்தக் கை எதற்கு என்று அப்போது புரியவில்லை. புரியாமலே உள்ளே ஏதோ சறுக்கியது.

காவல் நிலையத்தில் படகோட்டி ஈரத் துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்து தேடுகிறவர்களோடு அவரும் மூழ்கிமூழ்கிப் பார்த்ததில் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பக்கத்தில் வைத்திருந்த ரொட்டியை அவர் தொடவில்லை. ஒரு காகிதமும் பேனாவும் மேசையில் இருந்தன. அவர் பார்வை அதில்தான் இருந்தது.

"அவங்க சிரிச்சாங்க," என்றார், யாரும் கேட்காமலே. "பாறைக்குப் போற வழியில முன்னால சிரிப்புச் சத்தம். நல்லா ஞாபகம் இருக்கு. அந்தச் சிரிப்ப விட்டுட்டு வந்துட்டேன்."

எதிர் மூலையில் ஃபில்டர்காரர் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருந்தார். பட்டாசால் அவரையும் பார்க்க முடியவில்லை. இவரையும் பார்க்க முடியவில்லை.

நீலச் செருப்பு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கணுக்காலைச் சுற்றி வார், பக்கவாட்டில் சின்ன பக்கிள். இரண்டு பக்கிளும் ஒரே துளையில் மாட்டியிருந்தன. உள்ளே துணி ஒட்டிய அடிப்பாகம். அதில் விரல் பதிந்த தடம் லேசாகத் தெரிந்தது. அண்ணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூடையிலிருந்து எடுத்தபடியேதான் இருக்கிறதா என்று கேட்டாள். கையே வைக்கவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அவள் வாசலுக்குப் போய், பழைய ஆபீஸ் சிநேகிதிக்கு ஃபோன் போட்டு மெதுவான குரலில் ஏதோ கேட்டாள். பதில் வருவதற்குக் காத்திராமல் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"நேத்து போன எல்லாரையும் படகுல ஒருதடவை உக்கார வைக்கணும் சார். துறையிலேயே போதும். கடலுக்குப் போக வேண்டாம்."

"எதுக்கும்மா? இருட்டறதுக்குள்ள தேடற வேலையைப் பாக்கணும்."

"அவங்க தேடட்டும். நாம இங்க தேடுவோம்."

பிற்பகல் வெயிலில் படகு துறையோடு ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நீளவாட்டில் ஒவ்வொரு பலகை. எதிரெதிராக உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். இன்னும் ஒருத்தர் வரலாம் என்று சொல்லிச் சொல்லியே நிரப்பும் படகு அது. பலகைகளில் இடம் போதாமல் பழக்கடைக்காரர் நேற்று நடுவில் எஞ்சின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து வந்திருந்தார். இன்றும் அங்கேயே ஏறினார். அந்த நிலையிலும் ஒருவர், எஞ்சின் புகைந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

கரையில் இன்ஸ்பெக்டர், டிக்கெட்கார அம்மாள், ஃபில்டர்காரர் மூவரும் நின்றார்கள். படகோட்டி தன் இடத்தில், பின்பக்கம்.

"இந்தத் துறையிலிருந்து கிளம்பினப்போ உக்காந்திருந்த இடத்துலயே உக்காருங்க," என்றாள் அண்ணி. "யார எங்க பாத்தீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. கண்ணக் கேட்டா அது கதை சொல்லும். உங்க தோளக் கேக்கறேன். உங்கள இடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் யாரு உக்காந்திருந்தாங்களோ, அவங்க தோள்மேல கைய வைங்க."

கொஞ்ச நேரம் குழப்பம். நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். நான்தான் குடை வச்சிருந்தேன், உங்க விலாவுல குத்துச்சே. ஆமா, ஆமா, இன்னும் வலிக்குது. கைகள் ஒவ்வொன்றாக எழுந்து தோள்களில் இறங்கின. ஒரு பலகையில் படகோட்டியின் அருகிலிருந்து வாத்தியார் வரை. எதிர்ப்பலகையில் அந்தப் புது ஜோடியிலிருந்து பட்டாசு வரை. எங்கேயும் ஒரு கை காற்றில் நிற்கவில்லை. எங்கேயும் ஒரு தோள் பாக்கியில்லை.

தோளில் வைத்த கைகளை யாரும் எடுக்கவில்லை.

"நேத்து கிளம்பினவங்க எல்லாரும் இருக்கீங்க," என்றாள் அண்ணி. "அப்ப அவங்க எங்க உக்காந்திருந்தாங்க?"

ஒரே நேரத்தில் எல்லாரும் பட்டாசைப் பார்த்தார்கள். முன்முனையில் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்.

அவள் எழுந்தாள். இதோ, இங்கே என்று காட்டுவதற்காகத்தான் எழுந்தாள். முன்முனையில் நங்கூரம் கிடந்தது. அதன்மேல் சுருட்டிய கனத்த கயிறு. இரண்டு பக்கமும் கட்டி வைத்த தண்ணீர் கேன்கள். உட்காருவது இருக்கட்டும், ஒரு காலை ஊன்ற இடமில்லை.

"நேத்து இதெல்லாம் எங்க இருந்துச்சு?" அவள் படகோட்டியின் பக்கம் திரும்பினாள்.

"எப்பவும் அங்கதாம்மா," என்றார் படகோட்டி. "கட்டினத அவுக்கறதே இல்ல."

கேன்களுக்கு நடுவே தார்ப்பாயைத் திணித்திருந்தார்கள். மழைக்கு விரித்துவிட்டு அவசரமாக மடித்தது. ஒரு முனை அவிழ்ந்து கிடந்தது. கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. அந்த முனை எழுந்து படபடத்தது. நீலம்.

பட்டாசு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம், முடி, தனிமை என்று அத்தனையையும் யார் கொடுத்தது? கண் கொடுக்கவில்லை. வேறெங்கோ, அவளுக்குள்ளேயே, தயாராக இருந்த ஒருத்தி வந்து அந்த நீலத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணி கரைக்கு ஏறி, இன்ஸ்பெக்டரிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து சாயந்திரம் இவர் இந்தச் செருப்பப் பாத்து, நீலச் சால்வை போட்டிருந்தான்னு அழுதார். அப்புறம் நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், நீலச் சால்வை போட்ட அம்மாவக் கடைசியா எங்க பாத்தீங்கன்னு கேட்டீங்க சார். பாத்தீங்களான்னு கேக்கல. ஒரு உயிர் போயிருக்கு, நாம பாக்கவே இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆளுக்கு ஒருத்திய ஞாபகப்படுத்திக்கிட்டாங்க. யாரும் பொய் சொல்லல."

"செருப்பு இருக்கே!" ஃபில்டர்காரர் முன்னால் வந்தார். "என் பொண்டாட்டி செருப்பு இந்தக் கூடையில இருந்துச்சே. அது பொய்யா?"

"அது நிஜம். ஆனா கூடை காலையில மழையில நின்னுது. எங்க வீட்டுப் பொண்ணோட செருப்பு இன்னும் காயல, உள்ளே பூரா கறை. இந்தத் துணியில ஒரு பொட்டுக் கறை இல்ல. மழை விட்ட பிறகு கூடைக்கு வந்த செருப்பு இது. படகு அப்ப தீவுல இருந்துச்சு."

"அடியில மாட்டியிருந்திருக்கும். மத்த செருப்புக்குக் கீழ."

"கூடைக்கு எல்லாப் பக்கமும் ஓட்டை. தண்ணி அடியிலதானே நிக்கும்?" அண்ணி புதுப்பெண்ணைக் கூப்பிட்டாள். அவளுக்குத்தான் அங்கே சின்னக் கால். பக்கிளைக் கழற்றாமல் போட்டுப் பார்க்கச் சொன்னாள். குதிகால் நுழையவே இல்லை. "மாட்டின பக்கிளோட இத யாராலயும் கால்லேந்து உருவ முடியாது. கழட்டிப் போட்டவங்க படகேற அவசரத்துல திரும்ப உக்காந்து பக்கிள் மாட்டியிருக்க மாட்டாங்க. இது கால்லேந்து கழண்டது இல்ல. அலமாரியிலேந்து வந்தது."

ஃபில்டர்காரர் டிக்கெட்கார அம்மாளின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. காலையில உங்ககிட்டதானே பேசினேன்?"

அம்மாள் வாயைத் திறந்தாள். அவளும் ஆமாம் என்றுதான் சொல்லப் போனாள். பட்டாசுக்கு அது தெரிந்தது. தன் முகத்தையே எதிரில் பார்ப்பது போலிருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி. "அவர் எப்படி நின்னாரு?"

"நெத்திமேல கைய வச்சுக்கிட்டு... வெயிலுக்கு..." அவள் நிறுத்தினாள். துறையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். "காலையில வெயிலே இல்லியே. மூடிக்கிட்டுத்தான கெடந்துது. மத்தியானமில்ல வெயில் வந்துச்சு?"

"மத்தியானம் வந்தாரு. தண்ணி கேட்டாரு. நீங்க உள்ள போனீங்க. சாயந்திரம் வந்து, காலையில பேசினேன்னு சொன்னாரு. நீங்களும் காலையிலன்னே நெனச்சுக்கிட்டீங்க."

கரையில் நின்றவர்கள் எல்லாருக்கும் ஃபில்டர்காரரின் மூச்சு கேட்டது. அவர் பின்னால் ஓரடி வைத்தார். பின்னால் கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

அண்ணியின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தாள். முகத்தில் மாற்றமில்லை. ஆனால் குரல் தாழ்ந்தது. மனைவியின் பேரில் இந்த வருடம்தான் பெரிய பாலிசி ஒன்று எடுத்திருக்கிறார் என்றாள். கடலில் போனால் உடல் கிடைக்க வேண்டிய அவசியமில்லை. பேர் எழுதாத, செருப்பை வைத்து ஆள் கணக்குப் பார்க்கிற படகு ஒன்று இருந்தால் போதும்.

"ஊரே கடலப் பாத்துக்கிட்டிருக்கு. கரையில அவங்கள யாரும் தேடல. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவங்க உசிரோட இருக்காங்களா?"

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இருந்த நேரத்தைப் பட்டாசு பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் பலகையில் மோதியது. படகோட்டி எழுந்து நின்றுவிட்டார். அவர் உதடுகள் அசைந்தன.

"இருக்கா," என்றார் ஃபில்டர்காரர், யாரையும் பார்க்காமல். "ரெண்டு பேரும் சேர்ந்துதான்... பக்கத்து ஊர்ல ரூம் எடுத்துக் குடுத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கா."

டிக்கெட்கார அம்மாள் அங்கேயே, ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப் போய் அவளை அழைத்து வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. காவல் நிலைய வாசலில் இறங்கியவள் ஐம்பதை நெருங்கிய பருத்த பெண். தடித்த கண்ணாடி, தோளளவு நரைத்த முடி. கால் மட்டும் சின்னது. ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். பட்டாசு தொழில் பழக்கத்தில் கண்ணாடியின் பவரைக் கண்ணாலேயே அளந்தாள். இந்த முகத்தை வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாரு," என்றாள் அந்தப் பெண், உள்ளே நுழையும்போதே. "கடல் கொண்டுபோச்சுன்னா யாரப் போய்க் குத்தம் சொல்லப் போறாங்கன்னாரு." பிறகு பெஞ்சில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த படகோட்டியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

படகோட்டி எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் அவள் முகத்தில் எதையோ தேடினார். நெற்றியிலிருந்து முகவாய் வரை, பொறுமையாகத் தேடினார்.

"நீங்க சிரிச்சீங்களே," என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பட்டாசுக்குப் புரிந்தது. அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

படகோட்டி கையெழுத்துப் போடாத காகிதத்தை இன்ஸ்பெக்டர் கிழித்துக் கூடையில் போட்டார். நீங்க போகலாம் என்றார். பட்டாசிடம் ஒரு புதுத் தாளை நீட்டி, பழைய சாட்சியம் தவறு, அப்படி ஒருவரைப் பார்க்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார். அவள் பேனாவைத் திறந்தாள். 'பார்க்கவில்லை' என்று எழுதவேண்டிய இடத்தில் சால்வை படபடத்தது. தார்ப்பாய்தான். தெரியும். கயிற்றைப் பிடித்து நின்று பார்த்துவிட்டுத்தானே வந்தாள். இருந்தும் அந்த ஒருத்தி அங்கேயே, பாறைப் பக்கம், தண்ணீருக்குள் இருந்தாள். தேடும் படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. இனிமேல் அவளை யாரும் தேடமாட்டார்கள்.

ஜன்னல் வழியே படகோட்டி துறைப் பக்கம் நடப்பது தெரிந்தது. வீடு அந்தப் பக்கம் இல்லை. அவர் மனைவி பின்னாலேயே ஓடினாள். பட்டாசும் பேனாவை மூடாமல் ஓடினாள்.

அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார் மனைவியிடம், கெஞ்சுவது போல. "இல்லேன்னு தெரியுது. நீ சொல்லிட்ட, அவங்க சொல்லிட்டாங்க, எல்லாம் தெரியுது. ஆனாலும் போய்ப் பாக்காம படுக்க முடியாது."

அம்மாள் அழத் தயாராக நின்றாள். அண்ணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும். அவர நம்ப வைக்கறது நம்மால ஆகாது."

"நானும் வரேன்," என்றாள் பட்டாசு.

அண்ணி அவளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள்.

இரண்டு பேருக்கு அந்தப் படகு மிகப் பெரியதாக இருந்தது. எஞ்சினை அவர் மெதுவாக ஓட்டினார். பவளப்பாறையை அடைந்தபோது மேற்கில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். அலையே இல்லை. அடிவரை தெரிந்தது. மஞ்சளும் ஊதாவுமாகப் பாறைகள், நடுவே வெள்ளை மணல், தன் பாட்டுக்குப் போகும் மீன்கள். ஒரு பக்கம் அவர் குனிந்து பார்த்தார். மறுபக்கம் அவள். படகைக் கழியால் தள்ளித் தள்ளி, பாறையைச் சுற்றி, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்தார்கள். ஒரு நிழலைக்கூட விடவில்லை.

வெளிச்சம் வடிந்து தண்ணீர் கறுக்க ஆரம்பித்ததும் அவர் கழியை உள்ளே இழுத்து வைத்தார்.

"இல்ல," என்றார்.

பிறகு எஞ்சின் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். தன்னுடைய பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது. அவள் இன்னொரு முறை குனிந்தாள். வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"போலாம்," என்றாள்.